எருமைக்கு ஒன்றுமில்லை

நவம்பர் 10

மருந்துக் கம்பெனிக்காரர் ஜனவரியில் கொடுத்துவிட்டுப் போன டயரி இது. மாதத்துக்கு ஒரு மாட்டின் படம் போட்டிருக்கிறார்கள். இத்தனை மாதமாக மேசைக்குள் கிடந்ததை இன்று எடுத்துத் துடைத்து எழுத ஆரம்பிக்கிறேன். ஏன் இன்றைக்கு என்றால் காரணம் ஒன்றுமில்லை. மழை. கரண்டு இல்லை. துவைத்த துணி காயவில்லை.

காலையில் மேற்கு வீதியிலிருந்து ஓர் ஆள் வந்து, எருமை ஒன்று தீனி எடுக்கவில்லை என்று சொன்னார். செங்காட்டுப்புதூர் கால்நடை மருந்தகத்துக்கு நான் டாக்டராக வந்து இரண்டு வருடம் ஆகிறது. மேற்கு வீதிப் பக்கம் அதிகம் போனதில்லை. மழையோடு வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். எருமையின் சொந்தக்காரர் பெயர் வஞ்சிக்கொடி. வயது முப்பத்தைந்து இருக்கலாம். கணவர் லாரி விபத்தில் இறந்து சில வருடங்கள் ஆகின்றன. பிள்ளைகள் இல்லை. பிறந்த வீட்டுக்குப் போகாமல், வேறு ஆதரவில்லாத மாமனாரோடு இங்கேயே இருந்துவிட்டார். மாமனார் கருப்பணனுக்குக் காது மந்தம். இதையெல்லாம் நான் விசாரிக்கவில்லை. கம்பவுண்டர் ரங்கசாமி அண்ணன் தானாகச் சொன்னார். நான் கேட்டேன் என்று அவர் சொல்லக்கூடும்.

பக்கத்தில் கட்டியிருந்த பசு நன்றாகத்தான் இருந்தது; எருமைக்கு வயிற்று உப்புசம். மருந்து ஊற்றி ஊசி போடும்வரை வஞ்சிக்கொடி அதன் தலையைப் பிடித்துக்கொண்டு, கண்டதையும் கண்ட நேரத்தில் தின்றால் இப்படித்தான் என்று திட்டிக்கொண்டே இருந்தார். எருமையைத்தான் திட்டினார். ஆனால் என் சட்டைப் பையில் பாதி தின்ற முறுக்கு ஒன்று இருந்தது, அதை நான் இன்னும் உள்ளே தள்ளிவிட்டேன்.

காப்பி கொடுத்தார். சர்க்கரை அதிகம். முழுவதும் குடித்தேன்.

நவம்பர் 12

எருமையை மறுபடி பார்க்கப் போனேன். உப்புசம் வடிந்துவிட்டதா என்று பார்ப்பது மருத்துவரின் கடமை. வடிந்துவிட்டது.

நவம்பர் 15

எருமையைப் பார்த்தேன். நன்றாக அசை போடுகிறது. வேறு வேலையாகப் போனபோது வழியில் எட்டிப் பார்த்ததுதான். மேற்கு வீதி ஒரு முட்டுச்சந்து, அதைத் தாண்டி எங்கும் போக முடியாது என்பதை ரங்கசாமி அண்ணன் எதற்காக எனக்கு நினைவூட்டினார் என்று தெரியவில்லை.

நவம்பர் 17

ஈரோட்டிலிருந்து அக்கா போன் செய்தாள். இன்னொரு பெண் இருக்கிறதாம், ஒரு முறை வந்து பார்த்துவிட்டுப் போ என்றாள். நாற்பத்தொரு வயதில் இன்னொரு முறை வேட்டி கட்டிக்கொண்டு யார் வீட்டிலோ போய்ப் பஜ்ஜிக்கு முன்னால் உட்கார என்னால் முடியாது என்று சொல்லிவிட்டேன். முதல் பெண், மாட்டு டாக்டர் மேல் மாட்டு வாசம் வரும் என்று சொல்லியனுப்பியது. இரண்டாவது, எதுவும் சொல்லியனுப்பவில்லை. மூன்றாவது வீட்டில் பெண்ணின் அப்பாவுக்கு என்னை ரொம்பப் பிடித்துவிட்டது. அவருடைய பசுவுக்குச் சினை ஊசி போட்டுவிட்டு வந்தேன். அவ்வளவுதான்.

அதோடு நான் நிறுத்திக்கொண்டது பயத்தால் அல்ல. எனக்குத் தனியாக இருப்பது பழகிவிட்டது. இட்லி மாவு கடையில் கிடைக்கிறது.

நவம்பர் 24

ஊராட்சித் தேர்தல் வருகிறது. செங்காட்டுப்புதூர் தலைவர் பதவி இந்த முறை பெண்களுக்கு. பழைய தலைவர் சென்னியப்பன் தன் மனைவி நாகமணியை நிறுத்துகிறார். இப்போதே சுவரில் போஸ்டர் ஒட்டியாகிவிட்டது. அதில் நாகமணியைவிடச் சென்னியப்பன் பெரிதாகச் சிரிக்கிறார்.

மேற்கு வீதிக்காரர்கள் வஞ்சிக்கொடியை நிற்கச் சொல்கிறார்களாம். அந்த வீதிக்குக் குடிதண்ணீர் சரியாக வருவதில்லை. குழாய் இருக்கிறது, தண்ணீர் மட்டும் சென்னியப்பனின் தோட்டத்தோடு நின்றுவிடுகிறது. போன வருடம் காலிக் குடங்களோடு பெண்களைக் கூட்டிக்கொண்டு ஒன்றிய அலுவலகத்துக்குப் போனவர் வஞ்சிக்கொடிதானாம். எருமைக்குத் தாது உப்பு கொடுக்கப் போன இடத்தில் இதெல்லாம் தெரிய வந்தது.

"நிக்கலாமான்னு ரோசனையா இருக்குதுங்க சார். தோத்துட்டா ஊருக்குள்ள எப்படீங்க தலை நிமுந்து நடக்கறது?" என்று கேட்டார்.

அப்போது நான் பேசியதை இங்கே குறித்துவைக்க வேண்டும், ஏனென்றால் இவ்வளவு நன்றாக நான் பேசியதில்லை. தோற்றால் என்ன ஆகிவிடும், வானமா இடிந்து விழும் என்றேன். தோல்வி என்பது ஒரு நாள் செய்தி, முயற்சி செய்யாமல் விட்டது ஆயுளுக்கும் உறுத்தும் என்றேன். துணிந்து இறங்குகிறவர்களைத்தான் ஊர் மதிக்கும் என்றேன். இடையில் கையைக்கூட ஆட்டினேன். எருமைகூட அசை போடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தது.

வஞ்சிக்கொடி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நீங்க எதுலயாச்சும் இறங்கித் தோத்திருக்கீங்களா சார்?" என்றார்.

குடற்புழு மருந்து எப்போது கொடுத்தது என்று நான் கேட்டேன்.

நவம்பர் 25

நீலச் சட்டையை இஸ்திரிக்குக் கொடுத்தேன்.

டிசம்பர் 9

வஞ்சி இன்று வேட்புமனு கொடுத்துவிட்டார். ரங்கசாமி அண்ணன் செய்தி கொண்டுவந்தார். அவர் சொல்லிமுடிக்கும்வரை ஒரு கன்றுக்குட்டியின் காதில் வெப்பமானியை வைக்கப் பார்த்திருக்கிறேன்.

மேலே வஞ்சி என்று எழுதியிருக்கிறேன். அவசரத்தில் எழுதியது. வஞ்சிக்கொடி.

அரசு ஊழியன் தேர்தலில் யாருக்கும் ஆதரவாக வேலை செய்யக் கூடாது என்பது விதி. ஆகவே நான் ஒதுங்கி இருக்க வேண்டும். இந்த விதி இல்லாவிட்டால் நான் என்னென்னவோ செய்திருப்பேன். எருமைக்கு வைத்தியம் பார்க்கப் போவது பிரசாரத்தில் சேருமா என்று ரங்கசாமி அண்ணனிடம் கேட்டேன். "எருமைக்கு ஓட்டில்லீங்க சார்" என்றார். பிறகு கொஞ்ச நேரம் பஞ்சு சுருட்டிக்கொண்டிருந்துவிட்டு, "வியாதியும் இல்லீங்க" என்றார்.

டிசம்பர் 14

வஞ்சிக்கொடிக்கு மூக்குக்கண்ணாடிச் சின்னம். நாகமணிக்கு ஏணி. ஏணி கிடைத்ததில் சென்னியப்பனுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். நாலு ஏணிகளைக் கொண்டுவந்து ஊரின் நாலு மூலையில் சாய்த்துவைத்திருக்கிறார். அதில் ஒன்றில் ஏறி இரண்டு பேர் இளநீர் பறித்தார்களாம்.

மேற்கு வீதியின் பிரசாரம் வேறு மாதிரி நடக்கிறது. கருப்பணன் தாத்தா தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கையில் உயர்த்திப் பிடித்துக்கொண்டு வீடு வீடாகப் போகிறார். கண்ணாடியைக் கழற்றினால் அவருக்கு ஆள் தெரிவதில்லை. நேற்று நாகமணியின் வீட்டிலேயே நுழைந்து, உட்கார்ந்து, மோர் குடித்து, ஓட்டும் கேட்டுவிட்டு வந்திருக்கிறார். நாகமணி பார்க்கலாமுங்க என்று சொன்னாராம்.

டிசம்பர் 16

இன்று ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்து போனேன். என்ன விஷயம் என்பதை எழுத வேண்டியதில்லை.

மருந்தகத்தில் யாரும் இல்லாத நேரம் பார்த்து ஒத்திகையும் பார்த்துக்கொண்டேன். சினைப் பரிசோதனைக் கூண்டுக்கு முன்னால் நின்று, நாலே வாக்கியம், பணிவாக, தெளிவாக. திரும்பினால் ரங்கசாமி அண்ணன் வாசலில் நின்றுகொண்டிருந்தார். மூன்றாவது வாக்கியம் கொஞ்சம் நீளமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு ஊசிகளைக் கொதிக்கவைக்கப் போய்விட்டார்.

நீலச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். வீட்டில் கூட்டமில்லை. வஞ்சிக்கொடி தீவனம் நனைத்துக்கொண்டிருந்தார், தாத்தா கட்டிலில் இருந்தார். "என்னுங்க சார், ஏதோ சொல்ல வந்தாப்புல இருக்குது" என்றார் வஞ்சிக்கொடி. ஆமாம் என்றேன். பிறகு மடிவீக்க நோயைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். அது எப்படி வருகிறது, எந்தெந்தக் கிருமி, பால் கறக்கும் முன் மடியை எதனால் கழுவ வேண்டும், கறந்தபின் எதனால் கழுவ வேண்டும். பேசப் பேச முடிக்கவும் தெரியவில்லை. தாத்தா தூங்கிவிட்டார். வஞ்சிக்கொடி கடைசிவரை நின்று கேட்டுவிட்டு, அந்த எருமைக்கு இப்போது பால் வற்றியிருக்கிறது என்று மட்டும் சொன்னார்.

திரும்பி வரும்போது ஒரு கேள்வி வந்தது. அந்தப் பெண் ஊர் முழுக்க, வீடு வீடாக, பிடிக்காதவர்கள் வாசலிலும் நின்று, எனக்குப் போடுங்கள் என்று கை கூப்பிக்கொண்டிருக்கிறார். நான் ஒரே ஒரு வாசலில் நின்று கேட்க முடியாமல் கிருமிகளின் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி வந்தது, அவ்வளவுதான். ராத்திரி உப்புமா.

டிசம்பர் 19

மோசமான நாள்.

ஏணிக்காரர்கள் ஒரு பேச்சைக் கிளப்பிவிட்டிருக்கிறார்கள். டாக்டர் வண்டி தினமும் அந்த வாசலில் என்னத்துக்கு நிற்கிறது, எருமைக்கு அப்படி என்ன தீராத வியாதி, இப்படிப்பட்டவளுக்கா ஓட்டு. டீக்கடையில் பேசுகிறார்களாம், ரேஷன் கடை வரிசையில் பேசுகிறார்களாம். ரங்கசாமி அண்ணன் இதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

அவர் சொன்னது: "நீங்க நேராக் கேட்டிருந்தா அது ஒரு நல்ல பேச்சுங்க சார். மாட்டைக் காட்டிட்டே போனதுனால இப்படி ஆயிப்போச்சு."

இனி அந்தப் பக்கம் போவதில்லை. அதுதான் வஞ்சிக்கொடிக்கு நல்லது என்றேன். போனாலும் பேசுவார்கள், போகாவிட்டாலும் பேசுவார்கள் என்றார் அவர். போகாவிட்டால், மாட்டிக்கொண்டு ஓடிவிட்டான் என்பார்களாம். எனக்கு அவர் சொன்னது சரியென்று பட்டது. ஆனாலும் போகவில்லை.

டிசம்பர் 20

போகவில்லை.

டிசம்பர் 22

நேற்று சாயங்காலம் மாரியம்மன் கோயில் திடலில் மூக்குக்கண்ணாடிக் கூட்டம். நான் போக முடியாது, விதி இருக்கிறது. ரங்கசாமி அண்ணனும் போக முடியாது; ஆனால் அவர் அந்த நேரத்துக்குச் சரியாகக் கோயிலுக்கு எதிரே சைக்கிளுக்குக் காற்றடிக்கப் போயிருந்தார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

வஞ்சிக்கொடி தண்ணீரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, கூட்டத்தின் பின்னாலிருந்து ஒருவன், டாக்டர் எதற்கு உன் வீட்டுக்கு வருகிறார், அதைச் சொல் முதலில் என்று கத்தியிருக்கிறான். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தாத்தாவுக்கு மட்டும் என்ன கேட்டார்கள் என்று புரியவில்லை. வஞ்சிக்கொடி மைக்கைக் கீழே வைக்கவில்லை.

"எருமைக்கு வந்தாருங்க. எருமை நல்லாயிருச்சு. அப்புறமும் வந்தாருங்க. எதுக்கு வந்தாருன்னு அவருதான் சொல்லோணும். என்ற ஊட்டு வாசல்ல, பட்டப்பகல்ல, மாமாவை வச்சுட்டுத்தான் வந்தாரு. தெரிஞ்சுக்கோணும்னு உங்களுக்கு எவ்வளவு ஆசையோ, எனக்கும் அவ்வளவு ஆசைதானுங்க. அவரு சொன்னா மொதல்ல உங்களுக்குத்தான் சொல்லியுடறேன். இப்பத் தண்ணிக்கு வருவோம்."

திடலே சிரித்ததாம். கேள்வி கேட்டவனும் சிரித்தானாம்.

இதைக் கேட்டபோது நான் ஓர் ஆட்டுக்குக் குளம்பு வெட்டிக்கொண்டிருந்தேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். என் பெயருக்காக ஊர் முன்னால் நிற்க வேண்டியவன் நான். நின்றது அவர்.

இப்போதே போய்விடலாமா என்று கேட்டேன். ரங்கசாமி அண்ணன் வண்டிச் சாவியை எடுத்து என் முன்னால் வைத்தார். வாக்குப்பதிவு முடியட்டும், இப்போது போனால் தேர்தல் விதி என்று ஆரம்பித்தேன். சாவியை எடுத்து ஆணியில் மாட்டிவிட்டுப் போய்விட்டார்.

டிசம்பர் 27

வாக்குப்பதிவு. வேறு ஒன்றியத்தில் எனக்குத் தேர்தல் வேலை. காலையிலிருந்து சாயங்காலம்வரை வந்தவர்களின் விரலில் மை வைத்தேன். கொம்புக்கு வர்ணம் அடிப்பதைவிட எளிது, யாரும் முட்டுவதில்லை. ஒரு பாட்டி ஓட்டுப் போடத் தெரியாமல் பயந்து வாசலோடு திரும்பப் பார்த்தது. தைரியமாகப் போங்கம்மா, ஒன்றும் ஆகாது என்று சொன்னேன். இந்த வாக்கியம் என் வாயிலிருந்து எவ்வளவு சுலபமாக வருகிறது.

டிசம்பர் 31

டயரி முடிகிறது. புது டயரி இன்னும் வரவில்லை. பின்னால் விலாசம் எழுதும் பக்கங்கள் காலியாக இருக்கின்றன, அதில் எழுதிக்கொள்ளலாம். எனக்கு விலாசங்கள் குறைவு.

ஜனவரி 2

நாற்பத்தொரு ஓட்டில் தோற்றுவிட்டார்.

ஜனவரி 3

காலையில் வழக்கம்போலப் பால் கேனோடு கூட்டுறவுச் சங்கத்துக்கு வந்தாராம். பட்டாசு வெடித்த குப்பை வீதி முழுக்கக் கிடந்ததாம். வழியில் மாலையோடு நின்றிருந்த நாகமணியிடம் போய் வாழ்த்துச் சொல்லிவிட்டு, மேற்கு வீதிக் குழாயை எப்போது பார்க்க வருகிறீர்கள் என்று கேட்டாராம். நாகமணி பதில் சொல்வதற்காகத் திரும்பிக் கணவரைப் பார்த்தாராம்.

இதைச் சொல்லிவிட்டு ரங்கசாமி அண்ணன் வண்டிச் சாவியை எடுத்துத் துடைத்து, மறுபடி ஆணியில் மாட்டினார்.

ஜனவரி 4

போனேன்.

வண்டியை வாசலில், எல்லோரும் பார்க்கும்படி நிறுத்தினேன். தாத்தா கட்டிலில் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிப் படுத்திருந்தார். மூக்குக்கண்ணாடி தலைமாட்டில் கிடந்தது. வஞ்சி சாணி தட்டிக்கொண்டிருந்தவர் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். கண் வீங்கியிருந்தது. அதை மறைக்கவும் முயலவில்லை.

நான் முதலில் கேட்க வேண்டியதைக் கேட்டேன். "என்னாலதான் போச்சுங்களா?"

"அப்படியும் சில பேரு சொல்றாங்க" என்றார். இல்லை என்று சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. "நாப்பத்தியொரு ஓட்டுக்கு நாப்பத்தியொரு காரணம் இருக்குமுங்க. நீங்க அதுல ஒண்ணா ரெண்டா, தெரியல."

பிறகு அவரே பேசினார். தோற்றால் என்ன ஆகும் என்று அன்றைக்குக் கேட்டீர்களே, சொல்லட்டுமா என்றார். நெஞ்சில் ஏதோ வைத்து அழுத்தினாற்போல இருந்தது, சோறு இறங்கவில்லை, யார் சிரித்தாலும் தன்னைத்தான் சிரிக்கிறார்கள் என்று தோன்றியது. இன்று காலையில் பசித்தது. இரண்டு தோசை தின்றேன், அவ்வளவுதானுங்க என்றார். நான் நவம்பரில் சொன்னதில் பாதி பொய், பாதி மெய் என்றும் சொன்னார். எந்தப் பாதி எது என்று நான் கேட்கவில்லை.

அப்போது எனக்குள் இத்தனை நாள் இறுகிக் கிடந்தது இளகிவிட்டது. மடிவீக்கமும் இல்லை, தாது உப்பும் இல்லை. "நான் எதுக்கு வந்துட்டிருந்தேன்னு இப்பச் சொல்லிடறேன்" என்று தொடங்கினேன்.

ஈரக் கையைத் தூக்கி நிறுத்தினார்.

"இன்னிக்கு வேண்டாமுங்க சார். இன்னிக்கு நீங்க என்ன சொன்னாலும் அது எனக்கு ஆறுதல் சொன்ன மாதிரித்தான் இருக்கும். இல்லாட்டி, பண்ணுன தப்புக்கு ஈடு கட்டுன மாதிரி. ரெண்டும் எனக்கு வேண்டாம்."

கிளம்பி வந்துவிட்டேன். நாலு வாக்கியத்தில் ஒன்றுகூட முழுதாக வெளியே வரவில்லை. வாழ்க்கையில் முதல் முறையாக நானாக இறங்கிய காரியம், வாசற்படியிலேயே திருப்பி அனுப்பப்பட்டது.

ராத்திரி சோறு இறங்கவில்லை. அவர் சொன்ன அறிகுறிகள் எல்லாம் சரியாக இருக்கின்றன.

ஜனவரி 6

பசித்தது.

ஜனவரி 8

அக்காவுக்கு நானே போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். லைன் போய்விட்டது என்று நினைத்து வைக்கப் போனேன். பிறகு, கட்டிக்கொடுத்த பெண், கணவனை இழந்த பெண், ஊர் என்ன சொல்லும் என்று ஆரம்பித்தாள். ஊர் ஏற்கெனவே சொல்லிவிட்டது, மைக் போட்டே பேசியாகிவிட்டது என்றேன். எந்தக் கூட்டம் என்று கேட்டாள். தோற்றவர்கள் கூட்டம் என்றேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே அழுதாள். கடைசியில், "ஏஞ்சாமி, அந்தப் புள்ள வேண்டாம்னு சொல்லிட்டா என்ன பண்ணுவே?" என்றாள்.

இரண்டு நாளில் பசிக்கும் என்றேன். அவளுக்குப் புரியவில்லை.

ஜனவரி 13

நாலு வாக்கியத்தை இரண்டாகக் குறைத்தேன். ரங்கசாமி அண்ணன் ஒன்று போதும் என்கிறார்.

ஜனவரி 16

மாட்டுப் பொங்கல். இன்றைக்கு எனக்கு ஊரில் எந்த வீட்டுக்கும் போகக் காரணம் தேவையில்லை. எல்லாப் பட்டியிலும் டாக்டருக்குப் பொங்கல் உண்டு. ஆனாலும் காரணத்தோடுதான் போனேன்.

மேற்கு வீதி முழுக்க வாசலில் இருந்தது. மாடுகளுக்குக் கொம்பில் வர்ணம், கழுத்தில் மாலை, அடுப்பில் பொங்கல். வஞ்சியின் எருமைக்கு நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு. நான் வண்டியிலிருந்து இறங்கியதும் அக்கம்பக்கத்துப் பேச்சு கொஞ்சம் குறைந்தது.

கருப்பணன் தாத்தாவுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். முறைப்படி பெரியவரிடம் கேட்பதுதான் மரியாதை என்று நினைத்தேன். மெதுவாக, அவர் காதுக்கு மட்டும் கேட்கும்படி, உங்கள் மருமகளைக் கல்யாணம் பண்ணிக்கொள்ள விரும்புகிறேன் என்று சொன்னேன். அவருடைய காதுக்கு மட்டும் கேட்கும்படி எதையும் சொல்ல முடியாது என்பதை அந்த அவசரத்தில் மறந்துவிட்டேன்.

"என்னுங்க?" என்றார்.

இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன். பக்கத்து வீட்டு அடுப்பில் கிண்டிக்கொண்டிருந்த கரண்டி நின்றது.

"பொங்கலா? இருங்க, இப்ப இறக்கீருவாங்க" என்றார்.

மூன்றாவது தடவை நான் சொன்னது மேற்கு வீதியின் கடைசி வீடுவரை கேட்டிருக்கும். "வஞ்சிக்கொடியைக் கட்டிக்கலாம்னு கேக்க வந்திருக்கறேனுங்க. அவங்களுக்குச் சம்மதம்னா."

ஓடிவிடலாம் என்று தோன்றியது. வண்டிச் சாவி எந்தப் பையில் இருக்கிறது என்று கை தேடியதும் உண்மை. ஆனால் கால் நின்றுவிட்டது. அசிங்கப்பட்டாகிவிட்டது, இனி அதற்கு மேல் ஒன்றும் இல்லை என்ற நினைப்பில் ஒரு விதமான நிம்மதிகூட வந்தது.

தாத்தா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, வேட்டி நுனியில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். மகனை இழந்தவர். அவர் முகத்தில் என்னென்னவோ வந்து போயின. எனக்கு எல்லாம் புரிந்ததாகச் சொல்ல மாட்டேன்.

"இதை எதுக்குங்க எங்கிட்டக் கேக்கறீங்க? அவ அங்கதான் நிக்கறா. அவகிட்டக் கேளுங்க" என்றார். பிறகு அடுப்புப் பக்கம் திரும்பி, "அம்மிணி, டாக்டருக்கு எலை போடு, மொதல்ல திங்கட்டும்" என்றார்.

வஞ்சி பொங்கல் பானைக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். முகம் சிவந்திருந்தது, அடுப்பின் சூடாகவும் இருக்கலாம். என்னைப் பார்த்துச் சொன்னார். "கேட்டுட்டேனுங்க. வீதியே கேட்டுருச்சு. நான் ரோசனை பண்ணித்தான் சொல்லோணும்."

எத்தனை நாள் வேண்டுமானாலும் யோசியுங்கள் என்றேன். இலை போட்டார். பொங்கல் மூன்று முறை வாங்கித் தின்றேன். வீதிப் பெண்கள் ஒவ்வொருவராக ஏதோ காரணம் சொல்லிக்கொண்டு வந்து, நான் தின்பதைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

ஜனவரி 17

மருந்தகத்துக்கு வழக்கத்தைவிடக் கூட்டம். பாதிக்கு மேல் ஆரோக்கியமான மாடுகள்.

ஜனவரி 20

ஒரு செய்தியும் இல்லை. ரங்கசாமி அண்ணன் என்னைவிட அதிகமாக வாசலைப் பார்க்கிறார். வேண்டாம் என்று வந்தாலும் மாற்றல் கேட்டு ஓடுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். வஞ்சி தினமும் பால் ஊற்ற வரும் வழியில்தான் மருந்தகம் இருக்கிறது. எதிரே பார்த்தால் வணக்கம் சொல்வேன். அந்த அளவுக்கு முடியும் என்றுதான் நினைக்கிறேன்.

ஜனவரி 23

காலையில் பால் ஊற்றிவிட்டுக் காலிக் கேனோடு வஞ்சி மருந்தகத்துக்குள் வந்தார். இந்த மருந்தகத்துக்கு மாடோ ஆடோ கோழியோ இல்லாமல் ஒருவர் வந்தது இதுதான் முதல் தடவை. ரங்கசாமி அண்ணன் அவசரமாக எதையோ தேடிக்கொண்டு பின்பக்கம் போனார். அங்கே தேட ஒன்றுமே இல்லை.

பெஞ்சில் உட்கார்ந்தார். கேனைக் காலடியில் வைத்துக்கொண்டார். நேராகவே பேசினார். கருப்பணன் தாத்தாவை விட்டுவிட்டு எங்கேயும் வர மாட்டாராம்; வருவதென்றால் நான்தான் அந்த வீட்டுக்கு வர வேண்டும். அடுத்த தேர்தலிலும் நிற்பாராம். மேற்கு வீதிக்குத் தண்ணீர் வந்துவிட்டாலும் நிற்பாராம். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். அவர் சிரிக்கவில்லை.

"எனக்குப் பயமா இருக்குதுங்க சார்" என்றார். "எலெக்சன்ல தோத்தா மறுக்கா நின்னுக்கலாம். இதுல தோத்துப்போனா என்னுங்க பண்றது? ஒருக்கா எல்லாம் போயி, எந்திரிச்சு ஒக்காந்தவ நானு. இன்னொருக்கா எந்திரிக்க முடியுமான்னு தெரியலீங்க. நல்லாத்தான் இருக்கும்னு உங்களுக்கு நிச்சயமாத் தெரியுமுங்களா?"

எவ்வளவோ சொல்லலாம். வாய்வரை வந்தது. அவர் கையைப் பார்த்தேன், கேனின் வளையத்தை இறுக்கிப் பிடித்திருந்தது.

"தெரியாதுங்க" என்றேன். "எனக்கும் பயமாத்தான் இருக்குது."

வெளியே ஒரு பேருந்து நின்று கிளம்பிப் போயிற்று. பிறகு அவருடைய பிடி தளர்ந்தது.

"தெரியும்னு சொல்லியிருந்தீங்கன்னா, வேண்டாம்னு சொல்லிட்டுப் போயிருப்பேனுங்க" என்றார். "செரி. பாக்கலாம் வாங்க, ரெண்டு பேரும்."

நான் எழுந்து நின்றேன். ஏன் எழுந்தேன் என்று தெரியவில்லை. எழுந்துவிட்டதால் மறுபடி உட்கார்ந்தேன்.

வாசலுக்குப் போனவர், என் பெயர் எழுதிய பலகையை அண்ணாந்து பார்த்தார். இதுவரை படித்ததே இல்லை போலிருக்கிறது. எழுத்துக் கூட்டுவதுபோல மெதுவாகப் படித்தார். "தெய்வசிகாமணி. இத்தன நீளமுங்களா? ஊட்டுல எப்படிக் கூப்புடுவாங்க?"

அக்கா சாமி என்று கூப்பிடுவாள் என்றேன்.

"அப்படி என்னால கூப்புட முடியாதுங்க, கும்புடோணும் போல இருக்கும்" என்றார். "இருங்க, வேற ஏதாச்சும் பாக்கறேன்." கேனை இடுப்பில் வைத்துக்கொண்டு, தனக்குள் எதையோ சொல்லிப் பார்த்தபடி மேற்கு வீதிப் பக்கம் நடந்தார்.

பின்பக்கம் ரங்கசாமி அண்ணன் இருமினார். வாசலில் ஓர் ஆடு காத்துக்கொண்டிருந்தது.